மீன் போடுகிறவன்

வானத்தில் இருந்தால் விண்மீன்.
பதினேழு வயதுப் பையனின் பெயருக்குப் பக்கத்தில்
நான் போடுவது வெறும் மீன்.
ஒன்று முதல் ஐந்து வரை.

மிசிசிப்பி டெல்டா, அக்டோபர், வெள்ளிக்கிழமை இரவு.
பார்க்கப் போனது வெளியூர் அணியின் குவார்ட்டர்பேக்கை.
அவனுக்கு ஏற்கெனவே நாலு.
ஐந்தாவது தாங்குவானா என்று அலுவலகம் கேட்டது.

மழை. மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.
மூன்றாம் கால்பகுதியிலேயே கிளம்பிவிட்டேன்:
விடுதியில் பத்து மணிக்கு மேல் சாவி தர ஆளில்லை.
அதற்குள் அந்த நாலு மீன் பையனை
ஐந்து தடவை சேற்றில் கிடத்தியிருந்தான்
உள்ளூர் அணியின் நாற்பத்து நாலாம் எண்.
ஆர்டேவியஸ் மக்லமோர்.
பட்டியலில் ஆறடி ஒன்று.
பட்டியல்கள் ஷூவோடு அளக்கும்,
சில ஊர்களில் தலைமுடியோடும்.

கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பது விதி.
பெட்ரோல் பங்கில், கோழி வறுவல் எண்ணெய் விரலால்,
இரண்டு மீன் போட்டேன்.

பொய்க்கணக்கு இல்லை இது.
ஐந்து மீன்காரர் நூறு பேர், இரண்டு மீன்காரர் நூறு பேர்,
எதிரெதிரே நிறுத்துங்கள்:
வீட்டைப் பந்தயம் வைக்கிறேன்.
ஒரேயொரு பையன் மேல் என்றால்
காரைக்கூட வைக்க மாட்டேன்.
அது பதினொரு வருஷத்துக் கார்.

ஜனவரியில்
பெரிய கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர்
ஹெலிகாப்டரில் வந்து
அந்தப் பள்ளி மைதானத்தில் இறங்கினார்.
மறுநாள் மதியத்துக்குள் ஆர்டேவியஸுக்கு நாலு மீன்.
புதிதாக ஒரு நிமிட ஆட்டமும் நான் பார்க்கவில்லை.
அவன் ஓர் அங்குலமும் வளரவில்லை.

போன் செய்தான்.
"சார், நேத்து ராத்திரி நான் தூங்கத்தானே செஞ்சேன்?"

சிரித்துவிட்டு
வேறு அழைப்பு வருகிறது என்றேன்.

குவார்ட்டர்பேக்குக்கு ஐந்தாவதும் போட்டேன்.
தோளில் இரண்டு அறுவை சிகிச்சை.
இப்போது ஜாக்சனில் டிராக்டர் விற்கிறான்,
பிரமாதமாக விற்கிறான் என்கிறார்கள்.
அதற்கு மீன் போட எங்களிடம் கட்டம் இல்லை.

ஆர்டேவியஸ் இரண்டாம் வருஷமும் பெஞ்சில்.
மொத்தம் பதினான்கு முறை களத்தில் இறங்கியிருக்கிறான்,
அதில் ஒன்பது உதைக்குப் பின்னால் ஓடுவது.
அப்படியானால் என் இரண்டு சரியா?
ஹெலிகாப்டரின் நாலு சரியா?
இன்னும் யாருக்கும் தெரியாது.
அவனுக்கும்.

கோடை விடுமுறையில் அந்தப் பக்கம் போனபோது
கெளுத்திக் குளத்தில் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தான்,
அவன் அப்பாவோடு வலை இழுத்துக்கொண்டு.
என்னைப் பார்த்துக் கையசைத்தான்.
கோபம் இருந்ததாகத் தெரியவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

வலைக்கண் வழியே சின்ன மீன்கள்
நழுவிக் குளத்துக்கே திரும்பின.
யாரும் அவற்றைத் துரத்தவில்லை.
அடுத்த இழுப்பு இலையுதிர் காலத்தில்,
அதே குளம், அதே வலை.
நான் ஒரு குளத்துக்கு இரண்டாம் முறை போனதில்லை.
பெட்ரோல் காசு கட்டாது.

இருட்டும்வரை கார் ஓரமாக நின்றேன்.
தண்ணீரில் மேலே இருப்பவை ஒவ்வொன்றாக விழுந்தன.
ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து
ஐந்தில் நிறுத்தினேன்.
பழக்க தோஷம்.