மொட்டு பாதிக்கு மேல் என்றால்

காவேரிப்பட்டணம் தாண்டி மாங்கூழ் ஆலையில்
ராத்திரி ஷிப்டுக்கு நான்தான் தரச்சோதனை.
ஜூன் மாதம். பெங்களூரா ஏற்றிய லாரிகள்
அகரம் சாலைவரை நிற்கின்றன.
என் வேலை எண்ணுவது.

கூழில் ஒரு துளி, நீலச் சாயம் ஒரு துளி,
கட்டம் போட்ட கண்ணாடி.
செத்த ஈஸ்ட் நீலமாகவே கிடக்கும்.
உயிருள்ளது சாயத்தை உள்ளே விட்டு
நிறத்தைக் கழற்றிவிடும்.
கடுகின் குறுக்கே முந்நூறு பேர் வரிசையில் நிற்கலாம்,
அவ்வளவுதான் ஆள்.
இருநூறு கிலோ டிரம்மை ஊதி வெடிக்கவைப்பதும் இதுதான்.

சேர்ந்த அன்று பெனசீர் மேடம் சொன்ன விதி:
தாயின் பாதிக்குக் குறைந்த மொட்டு
கணக்கில் ஒன்று.
பாதியைத் தொட்டால் இரண்டு.
சரி மேடம் என்றேன்.

உள்ளே நடப்பது
இந்த நானூறு மடங்கு லென்சில் தெரியாது.
பெங்களூர் ஆய்வகத்தில் இரண்டு வருடம்
பச்சையாய் ஒளிரும் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே
உதவித்தொகை தீர்ந்தவள் நான்.
எனக்குத் தெரியும்.

பதினாறு குரோமோசோம்.
ஒவ்வொன்றும் தன்னைப்போல் இன்னொன்றை எழுதிக்கொண்டு
இரண்டிரண்டாய் நிற்கிறது
கொஹீசின் வளையத்துக்குள்.
வளையல்போல் என்று அப்போது நோட்டில் எழுதினேன்.
தப்பு. வளையல் யாரையும் பிடித்துவைப்பதில்லை.
மூடியும் டிரம்மும் பிரியாமல் இங்கே இறுக்குகிறார்களே
இரும்புப் பட்டை, அது.

கண்டென்சின் வேறு ஆள்.
மழைக்கு முன் மோட்டார் ஒயரைச் சுருட்டுகிறவன் மாதிரி
நீள இழையைக் கண்ணி கண்ணியாய் உள்ளிழுக்கும்.
பன்னிரண்டாம் எண்தான் தொல்லை.
ஒரே பத்தியை நூற்றைம்பது தடவை
திரும்ப எழுதிய வால் அதற்கு.
மற்றதெல்லாம் போன பிறகும்
மொட்டின் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இரு பக்கமிருந்தும் நூல் வருகிறது.
ஒரே பக்கத்து நூல் இரண்டையும் பிடித்துவிட்டால்
இழுவை இல்லை, தொய்வு.
தொய்வை மோப்பம் பிடிக்கவென்றே ஒரு புரதம்
முடிச்சை அவிழ்த்துவிடும்: போ, திரும்பக் கட்டு.
இரண்டு பக்கமும் இழுத்தால்தான்
கட்டு சரி என்று அர்த்தம்.
அப்பாவிடம் இதைச் சொன்னேன்.
"அப்போ கடன்காரன் ரெண்டு பேரா இருந்தா
நல்லதுங்கற" என்றார்.

ஒன்றுக்கு நூல் எட்டவில்லை என்றால்
பதினைந்தும் நிற்கும்.
வளையத்தை வெட்டும் கத்தி
உறைக்குள்ளேயே இருக்கும்.
யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

எங்கள் வேனில் என்னோடு பதினாறு பேர்.
நேற்று கூட்டுரோட்டில் மாதம்மாளைக் காணோம்.
முனிரத்தினம் இரண்டு நிமிஷம் பார்த்தார்,
மூன்றாவதில் கியர் போட்டார்.
பின்கண்ணாடியில் அவள் செருப்பைக் கையில் பிடித்து
ஓடிவந்ததைப் பார்த்தவர்கள் பதினைந்து பேர்.
அதில் ஒருத்தி
உயிரணுப் பிரிவைப் படித்தவள்.

இரண்டரை மணி.
மூன்றாம் கட்டத்தில் ஒரு தாய், தலையில் மொட்டு.
பாதியா, பாதிக்கு நூலிழை குறைவா?
சாயம் ஒட்டவில்லை. உயிரோடுதான் இருக்கிறது.
சுவரை இடிக்காமல், கதவைத் திறக்காமல்
கருவுக்குள்ளேயே நடக்கும் பாகப்பிரிவினைக்கு
உள்ளே யாரோ ஒருவர்
இன்னும் வந்து சேரவில்லைபோல.

போன் அடிக்கிறது.
"எண்ணிக்கை என்னம்மா? ஸ்டீம் ஏத்தணும்."
ஏற்றினால் மொட்டும் தாயும்
ஒரே கணக்கு, நீலம்.

ஒன்று என்று எழுதுகிறேன். அடிக்கிறேன்.
ஒரு நிமிஷத்தில் எதுவும் மாறாது,
அது தொண்ணூறு நிமிஷ வேலை.
தெரியும்.

"ஒரு நிமிஷம் சார்" என்கிறேன்.