ஆறாம் கூடு

சாத்திரியார் திருப்பி அனுப்பிவிட்டாராம்.
பரிமளகாந்தியின் மகள் டிலக்சனா
மேசைக்கு முன்னால் நிற்கிறாள்.
பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் ஆறாம் கூட்டில்
அவளுடைய விரல்.
"நாலு ஐம்பது எண்டு எழுதியிருக்கிறியள், ஐயா.
நாலு நாற்பத்தெட்டோடை லக்கினம் மாறுதாம்.
தனுவோ, மகரமோ?
மாப்பிள்ளை வீட்டாருக்கு வெள்ளிக்குள்ளை சொல்லவேணும்."

ஒட்டுசுட்டான் கந்தோரில் மின்விசிறி
தன் பாட்டுக்குச் சுற்றுகிறது.
சுவர்க் கலண்டரில் 'வரலாற்றில் இன்று':
எங்கோ ஒரு கடற்படைத் தளபதி பிறந்திருக்கிறான்,
எங்கோ ஒரு கோட்டை விழுந்திருக்கிறது,
நிமிடம் கேட்டு அவர்களிடம் ஒருவரும் வரவில்லை.

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுக்கிறேன்,
மூன்று இடப்பெயர்வுக்கும் யூரியாப் பையில் சுற்றி
சைக்கிள் கரியலில் நான் கொண்டு திரிந்த புத்தகத்தை.
விளிம்பில் மண்ணெண்ணெய்க் கறை.
நடுவில் செல் பூச்சி போன பாதை.

மாசி எட்டு.
அன்றைக்கு ஐந்து பிறப்பு.
ஒரு தாயிடமும் மணிக்கூடு இல்லை.

பரிமளகாந்தி சொன்னது நினைவிருக்கிறது.
"முதல் வெடியோடை தலை தெரிஞ்சது."
முதல் வெடி எத்தனை மணிக்கு?
நாலு முப்பதுக்கு என்றது ஒரு வானொலி.
இல்லை, நாலு ஐம்பதுக்கு என்றது மற்றது.
எதிரிக்குப் பலத்த இழப்பு என்பதில் மட்டும்
இரண்டுக்கும் ஒரே வசனம்.
தறப்பாளுக்குக் கீழே பற்றரி இறங்கிய ரேடியோவைக்
காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
தெளிவாகக் கேட்டதை எழுதினேன்.
அவ்வளவுதான் பிள்ளை.
மற்றது தெளிவாகக் கேட்டிருந்தால்
நீ தனு.

யோகமலரின் பெடியன் உழவு இயந்திரப் பெட்டியில்,
நெல்மூட்டைக்கும் தையல் மெசினுக்கும் நடுவில்.
பிறந்த இடம் என்ற கூட்டில்
'போகும் வழி' என்று எழுதியிருக்கிறேன்.
மேலிடத்திலிருந்து பிறகு கடிதம் வந்தது:
அப்படி ஓர் ஊர் பட்டியலில் இல்லை.
இன்னொருத்தி இரண்டாம் ஷெல்லுக்கும்
மூன்றாவதுக்கும் இடையில் என்றாள்.
மூன்றாவது வரவே இல்லை என்று
பங்கருக்குள் இருந்த மற்றப் பெண்கள்
அவளோடு சண்டை பிடித்தார்கள்.

டிலக்சனா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்புகிறாள்.
தன் பெயருக்குக் கீழே உள்ள வரியை வாசிக்கிறாள்.
"கமலாம்பிகையின்ர மகன். நாலு ஐம்பது.
இவருக்கும் முதல் வெடியோ?"

ஓம்.

அழுதால் பிறப்பு.
பிறப்பும் இறப்புமாய் இரண்டு புத்தகத்திலும் ஏறும்.
அழாவிட்டால் வேறு படிவம், பெயர் எழுதக் கூடு இல்லை.
சட்டம் அப்படித்தான் படித்துத் தந்தது.
கேட்டேன்.
இப்போதும் அந்தக் கேள்வி என் வாயில் கிடக்கிறது.
"பிள்ளை அழுததோ, அம்மா?"

கமலாம்பிகை யோசித்தாள்.
சேலைத் தலைப்பை முறுக்கினாள், அவிழ்த்தாள்.
"வாய் திறந்தது.
அந்தச் சத்தத்துக்குள்ளை
எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

வாய் திறந்ததை எழுதக் கூடு இல்லை.
நான் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.
பிறகு பெயர் கேட்டேன்.
அகிலவாணன் என்றாள், உடனே,
பல நாள் கூப்பிட்டுப் பழகியவள் போல.

"அப்ப எனக்கும் இவருக்கும்
ஒரே சாதகமோ?" என்கிறாள் டிலக்சனா.

நிமிடமும் ஒன்று. குளக்கட்டும் ஒன்று.
சாத்திரியார் கட்டம் போட்டால்
ஒரே கிரகங்கள் ஒரே வீடுகளில்தான் இருக்கும்.
எட்டாம் இடத்தைப் பார்த்து அந்த மனிதர்
இவளுக்கு என்ன ஆயுள் சொல்லியிருப்பார்?
கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

திருத்த விண்ணப்பப் படிவம் மேசையில் கிடக்கிறது.
சத்தியக் கடதாசி வேண்டும்,
தாயின் வாக்குமூலம் வேண்டும்,
நேரத்துக்கு ஆதாரம் வேண்டும்.
ஆதாரம் என்றால் எந்த வானொலி?

அவள் முத்திரைக் காசை எண்ணி வைக்கிறாள்.
கடைசி பஸ் ஐந்தேகாலுக்காம்.
படிவத்தை எடுக்கவுமில்லை,
என் பக்கம் தள்ளவுமில்லை.
கீழ் வரியின் மேல் இருந்த மண்ணை மட்டும்
நகத்தால் மெல்லச் சுரண்டுகிறாள்.
அது மண் இல்லை, பிள்ளை.
மசி.