முன்னால் இருக்கும் பெண்

நூலகச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி
மரங்களுக்குக் கீழே நெடுக நடந்தால் அந்த மண்டபம் வரும்.
வருடத்துக்கு ஒருக்கால், மூன்று நாள்,
பெண்கள் கீறினதை மட்டும் அங்கே மாட்டுவார்கள்.
நான் படம் பார்க்கிற ஆளில்லை.
கந்தோரில் யாரோ விட்டுப்போன அழைப்பிதழில்
இருபத்தெட்டாவது பெயர்
இனோகா ஹப்புகொட என்றிருந்தது.

ஒன்பது வருடமாய் எனக்குப் பின்மேசை.
சுங்கத்தில் சரக்கெடுத்துக் கொடுக்கிற கந்தோர் எங்களது.
பற்றுச்சீட்டின் ஓரத்தில்
அவள் ஒரு பூக்கூடக் கீறி நான் காணேன்.
சில காலை கண் சிவந்து வருவாள்.
இரவிரவாய் வேறெங்கோ கணக்கெழுதுகிறாள்
என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை. மழை.
வாசலில் ஒரு வாளி நிறையக் குடைகள்.
கட்லட், தேத்தண்ணி,
ஆங்கிலத்தில் சிரிக்கிற முத்துமாலைக்காரிகள்.
முதற்சுவர் முழுக்கத் தாமரை.
அடுத்ததிலும் தாமரை.
பிறகு ஒருத்தி
ஆசுபத்திரித் துண்டுகளைச் சிவப்பு நூலால் தைத்துக்
கர்ப்பப்பை செய்திருந்தாள்.
"இது பையா?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான்.
"ஓம்" என்றாள் தாய்,
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

மின்விசிறிக்குக் கீழே, மூலையில்,
நாற்பத்தேழாம் இலக்கம்.
ஒரு கழுத்து. பின்பக்கம் மட்டும்.
பல்லொன்று உடைந்த மண்ணிறக் கிளிப்.
அது என்னுடையது.
சட்டைக் கொளுக்கி கழன்ற இடத்தில் குத்தின ஊசி.
அடையாள அட்டையின் நீலநாடா.
வேர்வையில் ஒட்டின மூன்று மயிர்.
இடக்காதுக்குக் கீழே ஒரு மச்சம்.
அங்க அடையாளம் என்று எத்தனை படிவம் கேட்டது!
எல்லாவற்றிலும்
"இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான்.

இதெல்லாம் யாரும் பார்க்கலாம்.
ஆனால் தோள் கொஞ்சம் உயர்ந்திருந்ததே,
அதை எப்படிக் கண்டாள்?
கீழே ஒரு லொறிக் கதவு அடிபட்டாலும்
திரும்பாமலே பதறுகிற தோள்.
ஏனென்று நான் சொன்னதில்லை.
அவள் கேட்டதுமில்லை.

படத்தின் பெயர் மூன்று மொழியில்.
சிங்களத்தில் சரியாய் இருக்கும்.
தமிழில், "முன்னால் இருக்கும் பென".
சுழி ஒன்று குறைவு. புள்ளியும் இல்லை.
சிரிப்புத்தான் முதலில் வந்தது.
வீட்டில் தனியே இருந்து
ஒவ்வொரு எழுத்தாய்த் தேடிப்பிடித்திருப்பாள்.
என்னைக் கேட்டிருக்கலாம்.
கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

பைக்குள் பேனை கிடந்தது.
யாரும் பார்க்காத நேரம்
னகரத்துக்கு இன்னொரு சுழி கீறினேன்.
புள்ளி வைக்கக் குனிகையில்
"எக்ஸ்கியூஸ் மீ" என்று என்னை விலக்கி
மண்டபத்துப் பிள்ளை ஒருத்தி
பெருவிரலால் அழுத்தி ஒட்டிப் போனாள்
சிவப்பாய் ஒரு புள்ளி.
எழுத்துக்கு நேரே இல்லை, கொஞ்சம் தள்ளி.
விற்றாயிற்று.

புள்ளி பெற்றால் மெய் என்று
ஆறாம் வகுப்பில் பாடமாக்கினது.
முப்பத்தையாயிரம் ரூபாய்.
என் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட.
வாங்கினது யார்?
எந்த வீட்டுச் சாப்பாட்டறையில்
என் பிடரிக்கு முன்னிருந்து இடியப்பம் பிய்ப்பார்கள்?
விசாரிக்கவில்லை.
குடையை வாளிக்குள்ளேயே விட்டது
பஸ்ஸில் ஏறி நனைந்த தலையைத் துடைக்கும்போதுதான்
நினைவு வந்தது.
பின் ஆசனத்தில் யாரென்று தெரியவில்லை.
முந்தானையால் கழுத்தை மூடினேன்.
பம்பலப்பிட்டி தாண்ட எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை
கொளுக்கியைத் தைத்துக்கொண்டு போனேன்.
கிளிப் அதேதான்.
கொண்டையை மட்டும் ஓர் அங்குலம் உயர்த்திக் கட்டினேன்.
"குட் மோர்னிங்" என்றாள்.
"குட் மோர்னிங்" என்றேன்.
இறக்குமதிப் பத்திரங்களை எடுத்துப் பிரித்தேன்.
மூன்றாவது கட்டு, சீனத்துக் கண்ணாடி, எழுபது பெட்டி.

கீழே யாரோ லொறிக் கதவை அடித்துச் சாத்தினார்கள்.

பின்னால் தட்டச்சு நின்றது.