நாலு ஓட்டை

கையுறை ஃபேக்டரியில்
ஓட்டை பார்க்கிற வேலை எனக்கு.
ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு
இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.
கசிந்தால் சிவப்புக் கூடை.
பதினோரு வருடம்.
கண் அப்படியே பழகிவிட்டது.

அன்று இரவு ஷிப்ட் முடிந்து
பதினான்காங் கட்டையில் பஸ் இறக்கிவிட்டபோது
ஆறே கால், இன்னும் இருட்டு.
பின்கட்டில் கோழிக்கூட்டின் கம்பிவலை
சார்டின் டின் மூடி போலச் சுருண்டிருந்தது.
மூசாங்.
பழைய செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு தொடங்கியதிலிருந்து
லயத்துக் கூரைகளில்தான் அதற்குக் குடித்தனம்.
அதன் வாடை பண்டான் இலை வேகிற வாடை.
பாயசம் வைத்த வீடு மாதிரி மணந்தது
கொலை நடந்த இடம்.

இரண்டு தலையில்லாமல் கிடந்தன.
ஒன்றைக் காணவே இல்லை.
சாம்பல் பெட்டை மட்டும்
வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
நின்றுகொண்டிருந்தது,
கிளினிக்கில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவள் போல.

டார்ச் அடித்தேன்.
இறக்கைக்குக் கீழே நாலு ஓட்டை.
முதுகுத்தோல் உள்ளங்கை அகலத்துக்குக்
கழன்று தொங்கியது.
ரத்தம், நான் நினைத்த அளவு இல்லை.

'கழுத்தைத் திருகிடு, துடிக்க விடாதே'
என்றார் ராயப்பன், கோப்பியை ஆற்றிக்கொண்டே.
அவரைக் குறைசொல்ல முடியாது.
கிறிஸ்மஸுக்கென்று பெயரெழுதி வைத்த கோழி.
வளர்த்ததே அறுக்கத்தான்.

ஆனாலும் என் கை
பைக்குள் விட்டு ரிஜெக்ட் ஜோடியை எடுத்துவிட்டது.
சுண்டுவிரலில் கசிகிற ஜோடி.
மகனுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றிய குழலில்
வெதுவெதுப்பாய் உப்புத்தண்ணீர் ஏற்றி
ஒவ்வோர் ஓட்டையாகக் கழுவினேன்.
ஒன்றில் ஊற்றினால் இன்னொன்றில் வந்தது.
உள்ளே எல்லாம்
ஒரே வழிதான் போல.

அடுத்த வீட்டு ரொக்கியா மாக் சிக்
வேலிக்கு மேலே மினியாக் காமாட் நீட்டினாள்:
அவளுடைய மூன்று பிரசவத்தையும் ஆற்றிய எண்ணெயாம்.
மினிமார்ட் ஆ லெங்
மஞ்சள் மருந்துக்குக் காசு வாங்கவில்லை.
'ஈ உக்கார விடாதே, புழு வெச்சிடும்' என்றான்,
கல்குலேட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல்.

குளியலறை அதற்கு. மைலோ அட்டைப்பெட்டி, பழைய கைலி.
நாங்கள் திரும்பி நின்று குளித்தோம்.

மூன்றாம் நாள்
வெயில் காட்டலாமென்று வெளியே விட்டேன்.
ரம்புத்தான் கிளையில் உறங்கி
ஒரு கீறலும் இல்லாமல் தப்பித்த சேவல்
ஓடிவந்து புண்ணையே கொத்திற்று.
பகை ஒன்றுமில்லை.
சிவப்பைக் கண்டால் கொத்தும்.
தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாசாரில்
ஒன்றரை கிலோ பண்ணைக்கோழி.
தோலை உரித்துவிடச் சொன்னேன்.
வீட்டுக்கு வந்து மஞ்சள் தடவுகையில்
கை எந்தக் கோழியின் மேல் இருக்கிறதென்று
ஒரு கணம் தெரியவில்லை.
குழம்பு நன்றாகத்தான் வந்தது.
இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

நான் ஷிப்டில் இருக்கும் ராத்திரிகளில்
அப்பா சோறு பிசைந்து ஊட்டுகிறார் என்றான் மகன்,
ஏசிக்கொண்டே ஊட்டுகிறாராம்.
கேட்டால் இல்லை என்கிறார்.
வாளிக்குப் பக்கத்தில் காய்ந்த பருக்கைகள்.

தொங்கிய தோல் கறுத்து, சுருங்கி,
ஒருநாள் காலை
பழைய பர்ஸ் மாதிரி தரையில் கிடந்தது.
அடியில் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல்,
ஊசிமுனை ஊசிமுனையாய் இறகு.

இருபதாம் நாளோ என்னவோ,
பெட்டிக்குள் ஒரு முட்டை.
தோல்முட்டை. ஓடு கட்டவில்லை.
எடுத்தால்
உள்ளங்கையில் சரிந்து உட்கார்ந்தது,
தண்ணீர் நிரப்பிய விரல்நுனி போல.
பழக்கத்தில்
பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
இரண்டு நிமிடம் நின்றேன்.

கசியவில்லை.

வெளியே பண்டான் வாடை.
யார் வீட்டிலாவது
பாயசமாகவும் இருக்கலாம்.