எங்கே என்பதின் கொம்பு

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே கால்.
பகாவில், சைக்கிள் கடைக்கு மேல்மாடி, லியோங் அச்சகம்.
திரை மரியாதையாகச் சொன்னது:
உங்கள் கட்டணம் வந்து சேரவில்லை.
முதலாளியின் அட்டை போன மாதமே காலாவதி.
முதலாளி ஈப்போவில், மச்சினி கல்யாணத்தில்,
போனை எடுக்காத தூரத்தில்.

ஆறு வருடம்.
இந்த ஊரின் காதுகுத்து, கருமாதி,
செம்பனைத் தோட்டத்துப் பந்தாட்டக் குழுவின் ஜெர்சி,
மூன்று தடவை விலை ஏறிய ரொட்டி சானாய்ப் பட்டியல்,
எல்லாம் என் விரல் வரைந்தவை.
எல்லாம் அதன் வயிற்றுக்குள்.
பார்க்கலாமாம். தொடக்கூடாதாம்.

அப்போதுதான் சற்குணம் படியேறி வந்தார்.
கையில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள் மடித்த கடிதம்.
"பத்தடிக்கு நாலடி. காலையில எட்டு மணிக்குக் கட்டணும்.
எழுத வேண்டியது இவ்ளோதான்:
எங்கள் வீடு எங்கே?"

கடிதத்தை மேசையில் விரித்தார்.
தோட்டம் கைமாறிவிட்டது.
இருபத்திரண்டு வீடுகள், காலி செய்ய முப்பது நாள்.
என் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார்,
"ஒனக்கு எத்தன நாள் குடுத்தான்?"
"ஏழு. நேத்தோட முடிஞ்சிருச்சு."
சிரித்தார்.
நான் கணினியின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி யுவனேசன் போன தீபாவளி லீவில்
பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றிய ஒன்று
திரையின் மூலையில் கிடந்தது.
காசில்லை, கையெழுத்தில்லை.
யார் யாரோ ராத்திரியில் உட்கார்ந்து எழுதிப்
பொதுவில் வைத்துவிட்டுத் தூங்கப் போனது.
அது திறப்பதற்குள்
ஒரு கோப்பி ஓ கலக்கிக் குடித்துவிடலாம்.
பேனா எங்கே என்று தேடினேன்.
விரல் பழைய குறுக்குவழியை அழுத்த,
பலகை முழுவதும் தலைகீழாய்ப் புரண்டது.
கெட்ட வார்த்தை ஒன்று வந்துவிட்டது;
சற்குணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு தட்டினேன்.
எ. ங். கே.
கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நின்றது,
கூப்பிடாமலே.

உங்களுக்கு இது பெரிதாய்த் தெரியாது.
மாதா மாதம் காசு வாங்குகிறதில்
இந்தக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் ஓடிப்போய்
புள்ளி வட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நிற்கும்.
சரிசெய்ய உள்ளே எங்கோ ஒரு கதவு உண்டாம்,
நான் கண்டதில்லை.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி இடம் மாற்றுவேன்,
கெம்போங் மீனில் முள் எடுப்பதுபோல.
ஒருமுறை அவசரத்தில் விட்டுவிட்டேன்.
தோட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத்
'தோட்டம்' முறிந்தபடியே மேடையில் தொங்கியது.
அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.
ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அதுதான் உறைத்தது.

ஆனால் சிவப்பு.
திரையில் செம்பருத்தி,
துணியில் இறங்கியதும் காய்ந்த செங்கல்.
அச்சு எந்திரத்தின் நான்கு மைக்கும் இதற்கும்
பேச்சுவார்த்தையே இல்லை.
மூன்று தடவை ஓட்டினேன். இரண்டு வீண்.
"செவப்புல்ல கேட்டேன்" என்றார்.
ஓசிச் சாமான், அதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
நான் படிக்காததற்கு அது என்ன செய்யும்.
பத்து ரிங்கிட் குறைத்துக் கொடுத்துவிட்டுச்
சுருட்டித் தோளில் வைத்து இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை லியோங் வந்தார், புது அட்டையைத் தட்டினார்.
என் ஆறு வருடம் வெளியே வந்தது.
பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தேன்.
பொய் சொல்ல மாட்டேன்,
விரலுக்கு அங்கேதான் வழி தெரியும்.

மதியச் சோற்றுக்கு முன் அரை மணி நேரம் மட்டும்
மற்றதைத் திறந்து சிவப்பு பழகுகிறேன்.
நேற்று கொஞ்சம் கிட்டே வந்தது, மிளகாய் வற்றல் மாதிரி.
சற்குணம் மறுபடியும் வருவார்.
முப்பதில் இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.