விழுவது பாதிதான்

விழக் கற்றுத் தருகிறான் வில்யமி.
இருபத்தாறு வயது, காதில் வளையம்,
இன்னும் எதற்கும் பயப்படாத முழங்கால்கள்.

ஊலுவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை
நடைபாதை என்பது கண்ணாடி.
தூவிய சரளை போதாமல் மாநகராட்சி
எங்களை இங்கே அனுப்பியிருக்கிறது,
பள்ளிக்கூடத்தின் ஜிம்முக்கு, செவ்வாய்தோறும்.
பதினோரு பெண்கள்.
எழுபதுக்குக் கீழே ஒருத்தியும் இல்லை.

"கையை ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.
தாடையை நெஞ்சோடு ஒட்டிப்
பக்கவாட்டில் உருளுங்கள்."
ஹெல்லெவி உருண்டாள். உருண்டவள்
நிற்காமல் போய்ப் பந்துக் கூடையில் முட்டினாள்.
அதன்பின் மூன்று நிமிடம்
யாருக்கும் பாடம் ஏறவில்லை.

விழுவது பாதிதான்.
மீதிக்குத்தான் நான் வந்தேன்.

போன பிப்ரவரியில் என் சமையலறைத் தரையில்
மாலை ஆறு முதல் விடிகாலை ஐந்து வரை கிடந்தேன்.
எலும்பு ஒன்றும் முறியவில்லை. அதுதான் வெட்கம்.
எழ முடியவில்லை, அவ்வளவே.
போன் மேசைமேல். மேசை வானத்தில்.
ஃபிரிட்ஜுக்கு அடியில்
தூசு, ஒரு பட்டாணி, ஒரு நீலப் பொத்தான்.
பதினோரு மணி நேரம் பார்த்திருந்தேன்;
பட்டாணியின் சுருக்கங்கள் எனக்கு மனப்பாடம்.
செய்தித்தாள் போட வந்த பெண்
கதவின் துளை வழியே கேட்டாள்:
"யாராவது இருக்கிறீர்களா?"
இருக்கிறேன் என்று சொல்ல
அத்தனை நேரம் பிடித்தது எனக்கு.

ஆகவே:
புரண்டு படு. முழங்கையில் நிமிர்.
நாலு காலில் ஒரு மூச்சு, பசுவைப்போல.
வலது பாதம் முன்னே. தொடைமேல் இரண்டு கையும்.
இப்போது.

இப்போது என்பது சொல்லச் சுலபம்.
அக்டோபரில் நாற்காலியைப் பிடித்தேன்,
ஒருநாள் நாற்காலியோடு சாய்ந்தேன்.
எட்டுக் கிலோ இரும்பை மார்போடு அணைத்து
உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து
தொடை நடுங்கியது, நனைந்த கோழியாய்.
ஜனவரியில் ஒரு செவ்வாய், சொல்லாமல் கொள்ளாமல்
நாற்காலியை நகர்த்திவிட்டான் வில்யமி.
திட்டினேன்.
திட்டிக்கொண்டே எழுந்துவிட்டேன்.

நேற்றிரவு வீட்டில்
விளக்கைப் போட்டு, கதவைப் பூட்டாமல்,
வேண்டுமென்றே அதே தரையில் படுத்தேன்.
பட்டாணி அங்கேயே இருந்தது.
கரண்டிக் காம்பால் பொத்தானை இழுத்தேன்.
நாலு துளை. என் உடுப்பு எதிலும் இல்லாத நீலம்.
யாருடையதோ.

பிறகு எழுந்தேன்.
பட்டாணியை விட்டுவைத்திருக்கிறேன்:
மறுபடி இறங்கிப் போக
ஒரு காரணம் வேண்டாமா.