ஐந்து புள்ளி எட்டு

ஜனவரியில் ஒரு மதியம் வெயில் அடித்தது.
அடிக்கக் கூடாத வெயில்.
மேல்பனி இளகிப் புல்லுக்குள் இறங்கியது.
இரவு மைனஸ் நாற்பது.
விடிந்தபோது மேய்ச்சல் நிலம் முழுக்கக்
கண்ணாடி போட்டு மூடியிருந்தது.
உள்ளே புல் தெரிந்தது.
ஆடுகள் குளம்பால் தட்டிப் பார்த்தன,
பூட்டிய கடைமுன் நிற்பவர்களைப் போல.

மங்கோலியர்கள் நாங்கள் இதை
இரும்பு ட்சூட் என்போம்.
படிவத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.
'காரணம்' என்ற கட்டத்தில்
'இயற்கை' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
எழுதினேன்.
பதினேழு கூடாரம், பதினேழு இயற்கை.

செவேல்மா தன் தொழுவத்துக்குப் பின்னால்
விறகுபோல அடுக்கி வைத்திருந்தாள்:
நூற்றுப் பதினெட்டு வெள்ளாடு,
ஐம்பத்திரண்டு செம்மறி,
ஒரு ஒட்டகக் குட்டி.
எனக்கு எண்ண வசதியாக
தலைகளெல்லாம் ஒரே பக்கம்.

நான் காப்பீட்டு ஆள்.
என் பையில் இருப்பது பணமல்ல, விளக்கம்.
உங்கள் ஆடு செத்தால் பணம் கிடையாது,
வட்டாரத்தின் ஆடு சாக வேண்டும், நூற்றுக்கு ஆறு.
ஒவ்வொரு சாவையும் போய்ப் பார்க்கச் செலவு அதிகம்,
தனி ஆள் பொய் சொல்லலாம்,
சராசரி சொல்லாது என்று
ஜூரிச்சில் இருப்பவர்கள் நம்புகிறார்கள்.
இந்த வருடம் ஐந்து புள்ளி எட்டு.

"இன்னும் எத்தனை செத்திருக்க வேண்டும்?"

ஒன்றரை லட்சத்தில் புள்ளி இரண்டு.
முன்னூறு, என்றேன்.

"முன்னமே தெரிந்திருந்தால்" என்று தொடங்கியவள்
நிறுத்திக்கொண்டாள்.
உப்புத் தேநீரில் ஏடு படர்ந்தது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில்
கோம்போவின் மலைக்குப் பின்னால் பனி வடிந்தது.
பட்டியலில் அவனுக்குச் சாவு பூஜ்யம்.
ஓடைப் பள்ளத்தில் முதலில் குளம்புகள் தெரிந்தன.
பழக்கதோஷம், எண்ணினேன்.
முன்னூற்று நாற்பது.

மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டு வந்தான்.
"வங்கிக்கு இவை உயிரோடு இருக்கின்றன.
இவற்றின்மேல்தான் கடன்.
செத்தது தெரிந்தால் மே மாதமே வாசலில் நிற்பார்கள்."
பிறகு, எனக்கு ஒரு சிகரெட் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.

ஒரே வெள்ளாடு.
ஒரு பேரேட்டில் நின்று அசைபோடுகிறது.
இன்னொரு பேரேட்டில் அதன் சாவுக்காக
ஒருத்தி வரிசையில் நிற்கிறாள்.

கணக்கெடுப்பு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.
உலான்பாத்தரிலிருந்து வழவழப்பான அறிக்கை வந்தது:
வறிய நாடுகளுக்கு உகந்த மாதிரித் திட்டம்,
எங்கோ ஒரு மாநாட்டில் பாராட்டினார்களாம்.
அட்டையில் எங்கள் புல்வெளி.
கோடையில் எடுத்த படம்.

மே மாதம் தவணை வாங்கப் போனேன்.
திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.
செவேல்மா பெட்டியைத் திறந்து
நோட்டுகளை விரல் நனைத்து எண்ணினாள்.
செத்த வெள்ளாடுகளை, விறைப்பு விடுமுன்,
இரும்புச் சீப்பால் ஒவ்வொன்றாய் வாரியிருக்கிறாள்.
வியாபாரி ரோமத்தைத் தராசில் போட்டான்.
உயிரைப் பற்றிக் கேட்கவில்லை.

"எத்தனைக்கு எழுத?"
"முப்பத்தாறு. மிச்சம் அவ்வளவுதான்."

ரசீது எழுதினேன்.
கார்பன் தாளுக்கு அடியில்
என் பழைய கையெழுத்து அச்சாகியிருந்தது,
கட்டம் எதுவும் இல்லாத பக்கத்தில்:
340.
அவளுக்குப் படிக்கத் தெரியும்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
புத்தகத்தை மூடினேன்.